ஐந்து தேதிகளும் ஒரு கூர்ச்சீட்டும்

கேள்வி: வக்கீல் ஐயாவுக்கு வணக்கம். எனக்கு 54 வயது. கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் கணக்கராக இருந்து விருப்ப ஓய்வு வாங்கியவள். 1991-ல் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தேன். பூர்வீக நிலத்தில் பங்கு கேட்டு தம்பி மேல் சப் கோர்ட்டில் பாகப்பிரிவினை வழக்குப் போட்டேன். அவனும் அப்பாவும் 1998-லேயே பாகம் பிரித்துக்கொண்டதாக, பதிவு செய்யாத ஒரு கூர்ச்சீட்டை (யாருக்கு எந்தப் பாகம் என்று எழுதிய தாள்) கொண்டுவந்தான். 10.6.2024 அன்று என் வழக்கு தள்ளுபடி. அப்பீல் போட்டிருக்கிறோம், அதற்கு ஏ.எஸ். நம்பர் (அப்பீலுக்குக் கோர்ட் தரும் எண்) இன்னும் வரவில்லை.

வாய்தா வாய்தாவாக அலைந்ததில் எனக்கு ஒரு வியாதி பிடித்துக்கொண்டது. வழக்குக்கும் அப்பீலுக்கும் கெடு வைக்கிற லிமிடேஷன் சட்டத்தை வரி வரியாகப் படிக்கிறேன். சம்பந்தமே இல்லாதவர்களின் வழக்கு உத்தரவுகளை எல்லாம் இறக்கி வாசிக்கிறேன். மகள் தலையில் அடித்துக்கொள்கிறாள், வக்கீல் குமாஸ்தா என்னைக் கண்டாலே ஒளிகிறார். மூன்று கேள்விகள். ஒன்று, தீர்ப்பு நகல் என் கையில் கிடைத்தது ஜூலை 24. அதுவரை கழித்தால் அப்பீலுக்கு ஆகஸ்ட் 14 வரை நாள் இருந்தது என்பது என் கணக்கு. எங்கள் வக்கீலோ 9-ஆம் தேதியோடு முடிகிறது என்று சொல்லி 8-ஆம் தேதியே அடித்துப்பிடித்துத் தாக்கல் செய்தார். யார் கணக்கு சரி? இரண்டு, கூர்ச்சீட்டைச் சாட்சிய ஆவணமாக எண் போட்டு மார்க் செய்தபோது எங்கள் வக்கீல் வாயே திறக்கவில்லை. அதோடு எல்லாம் போச்சா? மூன்று, அப்பீலை நானே வாதாடலாமா, இல்லை இந்த வயதில் இதெல்லாம் பைத்தியக்காரத்தனமா?

பதில்: வணக்கம் அம்மா. பைத்தியக்காரத்தனம் எல்லாம் ஒன்றும் இல்லை. முப்பது நாள் கணக்கை ஒரு கட்சிக்காரர் தானே போட்டுப் பார்த்து வக்கீலோடு சண்டை பிடிக்கிறார் என்றால் எனக்கு சந்தோஷம்தான். பெரும்பாலானவர்கள் "சார், கேஸ் என்னாச்சு?" என்பதைத் தாண்டுவதில்லை. ஆனால் சந்தோஷத்தோடு சேர்த்து இதையும் சொல்லிவிடுகிறேன்: கணக்கில் உங்கள் வக்கீல்தான் சரி, நீங்கள் ஐந்து நாள் தவறு.

நகலின் கடைசித் தாளைத் திருப்பிப் பாருங்கள். படம் அனுப்பியிருந்தீர்கள், அதையே வைத்துச் சொல்கிறேன். அடியில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப், அதற்குள் ஐந்து வரி, ஒவ்வொன்றுக்கும் எதிரே பேனாவில் எழுதிய ஒரு தேதி. விண்ணப்பித்தது 20.6, முத்திரைத்தாள் கேட்டது 5.7, கட்டியது 8.7, நகல் தயாரானது 19.7, வழங்கியது 24.7. தீர்ப்பின் நாற்பது பக்கத்தையும் விட அப்பீலுக்கு முக்கியமான பக்கம் இதுதான். அப்பீலை நம்பர் செய்யும் பிரிவில் இருப்பவர் முதலில் புரட்டுவதும் இதைத்தான்.

சப் கோர்ட் தீர்ப்பை எதிர்த்து மாவட்ட நீதிமன்றம் போக 1963-ஆம் ஆண்டு லிமிடேஷன் சட்டத்தின் 116-ஆவது இனம் 30 நாள் தருகிறது. தீர்ப்பு சொன்ன நாளைச் சேர்க்கக் கூடாது என்று 12-ஆவது பிரிவு சொல்வதால் ஜூன் 11 முதல் நாள், ஜூலை 10 முப்பதாவது நாள். நகல் வாங்குவதற்குத் தேவைப்பட்ட காலத்தையும் அதே பிரிவு கழித்துக்கொள்ளச் சொல்கிறது. இங்கேதான் நீங்கள் சறுக்கியிருக்கிறீர்கள். தேவைப்பட்ட காலம் என்றால் கோர்ட் எடுத்துக்கொண்ட காலம். 19-ஆம் தேதி நகல் தயார், தயாரான நகல்களின் பட்டியலை வெளியே பலகையில் ஒட்டிவிடுவார்கள். அதைப் பார்த்து நீங்கள் 24-ஆம் தேதி போய் வாங்கினால் நடுவில் போன ஐந்து நாளும் உங்கள் செலவு. ஆக, ஜூன் 20 முதல் ஜூலை 19 வரை, இரண்டு முனையும் சேர்த்து 30 நாள். ஜூலை 10-உடன் 30-ஐக் கூட்டினால் ஆகஸ்ட் 9. நீங்கள் கணக்கர் ஆயிற்றே, இன்னொரு பக்கமாகவும் டேலி செய்து பாருங்கள்: விண்ணப்பிப்பதற்கு முன் ஜூன் 11 முதல் 19 வரை 9 நாள் தின்றாயிற்று, மிச்சம் 21. ஜூலை 20-லிருந்து 21 நாள் எண்ணினாலும் ஆகஸ்ட் 9-ல்தான் போய் நிற்கும்.

இன்னொரு நுணுக்கம். முத்திரைத்தாள் கேட்டது ஜூலை 5, வெள்ளிக்கிழமை. கட்டியது 8, திங்கள். நடுவில் சனி, ஞாயிறு, ஆகவே யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அதையே அலட்சியமாக விட்டு அடுத்த வாரக் கடைசியில் கட்டியிருந்தீர்கள் என்றால் அந்தத் தாமதம் உங்களுடையது என்று எதிர்த்தரப்பு பிடித்துக்கொண்டிருக்கும். அதே போல, டிகிரி (தீர்ப்பின் முடிவைச் சொல்லும் தனி ஆவணம்) எழுதித் தயாராவதற்கு கோர்ட் எடுத்துக்கொண்ட நாள்களில், நீங்கள் நகலுக்கு விண்ணப்பிப்பதற்கு முன்னால் போனவை கழியாது. 12-ஆவது பிரிவின் கீழே ஒரு விளக்கக் குறிப்பாக அதைப் போட்டிருக்கிறார்கள். அதனால்தான் தீர்ப்பு சொன்ன அன்றைக்கே, தோற்ற துக்கம் தொண்டையில் நிற்கும்போதே, நகல் மனுவைப் போடு என்று பழைய வக்கீல்கள் விரட்டுவார்கள். நீங்கள் பத்து நாள் கழித்துப் போட்டிருக்கிறீர்கள்.

நகல் மனுவே போடாமல் காத்திருந்தவர் ஒருவரின் கதையும் உண்டு, நம் சென்னையிலிருந்து போனதுதான். சென்னை கம்பெனி தீர்ப்பாயம் 31.12.2019 அன்று ஓர் உத்தரவு சொன்னது. சட்டப்படி இலவச நகல் வருமே என்று வி. நாகராஜன் என்பவர் காத்திருந்தார். உத்தரவு இணையத்தில் ஏறியது அடுத்த மார்ச்சில், அவர் அப்பீல் போட்டது ஜூனில். திவால் சட்டத்தில் அப்பீலுக்கு 30 நாள், காரணம் காட்டினால் மேலே ஒரு 15 நாள், அவ்வளவுதான். 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது: இலவச நகலுக்காகக் கைகட்டிக் காத்திருந்தால் நாள் நிற்காது, நகல் கேட்டு மனுப் போட்டிருந்தால்தான் அந்தக் காலத்தைக் கழிக்க முடியும். வழக்கில் சரக்கு இருந்ததா இல்லையா என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போய்விட்டது.

சரி, உங்கள் வக்கீல் 8-ஆம் தேதி போடாமல் 13-ஆம் தேதி போட்டிருந்தால்? லிமிடேஷன் சட்டத்தின் ஐந்தாவது பிரிவின் கீழ் தாமதத்தை மன்னிக்க ஒரு மனு, அதற்கு ஒரு பிரமாண வாக்குமூலம், தம்பிக்கு நோட்டீஸ், அவன் எதிருரை, நான்கைந்து வாய்தா. நாலு நாள் தாமதத்தைப் பெரும்பாலும் மன்னித்துவிடுவார்கள்தான், ஆனால் எதற்கு வம்பு? ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: இந்த ஐந்தாவது பிரிவு அப்பீலுக்கும் மனுக்களுக்கும்தான். மூல வழக்கு காலம் கடந்து போட்டால் மன்னிப்பே கிடையாது, எதிராளி அந்த ஆட்சேபத்தை எழுப்பாவிட்டாலும் கோர்ட்டே தள்ளுபடி செய்தாக வேண்டும், மூன்றாவது பிரிவு அப்படி.

வரி வரியாகப் படிக்கிறேன் என்றீர்களே, உங்களுக்காகவே ஒன்று வைத்திருக்கிறேன். கொரோனா வந்ததும் உச்ச நீதிமன்றம் தானாக ஒரு வழக்கை எடுத்து, 2020 மார்ச் 23 அன்று, மார்ச் 15 முதல் லிமிடேஷன் காலம் நீட்டிக்கப்படுகிறது என்று உத்தரவு போட்டது. எல்லோரும் நிம்மதியாக மூச்சு விட்டோம். சகுஃபா அகமது என்பவரின் வழக்கில், கம்பெனி சட்டத்தின் கீழ் அப்பீலுக்கு 45 நாள், காரணம் காட்டினால் இன்னும் ஒரு 45 நாள். முதல் 45 நாள் 2020 பிப்ரவரி 2-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது, இரண்டாவது 45 நாள் மார்ச் 18 வரை. மார்ச் 15-ஐத் தாண்டி மூன்று நாள்! உத்தரவு காப்பாற்றும் என்று நம்பித்தான் ஜூலையில் போய் நின்றார்கள். காப்பாற்றவில்லை. நீட்டித்தது லிமிடேஷன் காலத்தை, இரண்டாவது 45 நாள் என்பது மன்னிப்பதற்கான வரம்பு, அது லிமிடேஷன் காலம் ஆகாது என்று அந்த செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. அது வந்தபோது வக்கீல் வட்டாரத்தில் வயிற்றைக் கலக்கியது நிஜம். அப்புறம் 2021 மார்ச் 8 உத்தரவைப் பாருங்கள், அதில் மன்னிப்பதற்கான வெளி வரம்புகளும் கழியும் என்று வெளிப்படையாக எழுதிச் சேர்த்துவிட்டார்கள். அந்த ஒரு சொற்றொடரை வைத்துத்தான் 2022 பிப்ரவரியில் பிரகாஷ் கார்ப்பரேட்ஸ் வழக்கில், வணிக வழக்கில் எதிருரை போடுவதற்கான 120 நாள் உச்ச வரம்பையும் அந்தக் கொரோனா காலத்தைக் கழித்தே எண்ண வேண்டும் என்று தீர்ப்பானது. இரண்டு உத்தரவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள், உங்கள் வியாதி முற்றிவிடும்.

இனி கூர்ச்சீட்டு. இதில் கொஞ்சம் நிதானமாகப் போக வேண்டும்.

தம்பி பிரதிவாதி, ஆகவே அவன் ஆவணம் பி வரிசையில் வந்திருக்கும், பி-1 என்று வைத்துக்கொள்வோம். (நம் மாவட்ட நீதிமன்றங்களில் சிவில் வழக்குகளில் வாதிக்கு ஆங்கில எழுத்து A, பிரதிவாதிக்கு B. சென்னை உயர் நீதிமன்றத்தின் மூல அதிகார வரம்பில் போனால் P, D என்று மாறிவிடும். வேறு ஊர் தீர்ப்பைப் படிக்கும்போது குழம்பாதீர்கள்.) ஒரு ஆவணத்தை மார்க் செய்யும் அந்த நிமிடம், பெஞ்ச் கிளார்க் சீலை எடுத்துக் குத்தப் போகிற அந்த நிமிடம்தான், சிவில் விசாரணையிலேயே அதிகம் சூடு பறக்க வேண்டிய நிமிடம். நம்மூரில் பாதி நாள் அது கொட்டாவியோடு நடந்து முடிகிறது, என்ன செய்ய.

ஆட்சேபங்களில் வகை உண்டு. முத்திரைக் கட்டணம் போதவில்லை என்பது ஒன்று. இது குத்துவதற்கு முன்னால் சொல்ல வேண்டியது. சொல்லாமல் விட்டு, ஆவணம் சாட்சியத்தில் ஏறிவிட்டால், முத்திரைச் சட்டம் 36-ஆவது பிரிவு கதவை மூடிவிடும். அதே வழக்கில் பிறகு எந்தக் கட்டத்திலும் அதைக் கிளற முடியாது, அப்பீலிலும் முடியாது. சொல்லியிருந்தால் கோர்ட் அங்கேயே முடிவு செய்ய வேண்டும். ஆட்சேபத்தைக் குறித்துக்கொண்டு தற்காலிகமாக மார்க் செய்து கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று 2001-ல் பிபின் சாந்திலால் பஞ்சால் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு வழி காட்டியது, ஆனால் முத்திரைக் கட்டணக் குறையை மட்டும் அதிலிருந்து விலக்கிவைத்தது. தீர்வையையும் பத்து மடங்கு வரை அபராதத்தையும் கட்டினால் ஆவணம் உள்ளே வந்துவிடும். தம்பிக்கு அது பெரிய செலவு. அந்தச் செலவு உங்கள் வக்கீலின் மௌனத்தால் மிச்சமாகிவிட்டது. இது போச்சு, விட்டுவிடுங்கள்.

இரண்டாவது, நிரூபிக்கும் முறை பற்றிய ஆட்சேபம்: அசலைக் கொண்டுவரவில்லை, கையெழுத்துப் போட்டவரைக் கூப்பிடவில்லை என்பது மாதிரி. இதையும் அந்த நேரத்திலேயே சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து உச்ச நீதிமன்றம் போன ஒரு கோயில் வழக்கில், 2003-ல், வெங்கடாசல கவுண்டர் வழக்கு என்று நாங்கள் சுருக்கமாகச் சொல்வது, இதை அழகாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். அப்போதே ஆட்சேபித்திருந்தால் எதிராளி அசலைத் தேடியிருப்பான், சாட்சியை அழைத்திருப்பான், குறையைச் சரிசெய்ய அவனுக்கு ஒரு வாய்ப்பு இருந்திருக்கும். வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு அப்பீலில் பிடிப்பது நியாயமில்லை.

ஆனால் மூன்றாவது வகை, ஆவணமே சாட்சியத்தில் ஏற்கத்தகாதது என்ற ஆட்சேபம், மார்க் ஆகிவிட்டதால் மட்டும் செத்துப்போகாது, அப்பீலிலும் எழுப்பலாம். உங்களுக்குக் கை கொடுப்பது இதுதான். அசையாச் சொத்தைப் பாகம் பிரிக்கும் ஆவணம் பதிவு செய்யப்பட வேண்டும், செய்யாவிட்டால் அந்தப் பாகப்பிரிவினைக்குச் சாட்சியமாக அதை எடுத்துக்கொள்ளக் கூடாது என்கிறது பதிவுச் சட்டம் 49-ஆவது பிரிவு. யார் எந்தப் பகுதியை அனுபவித்தார்கள் என்பது மாதிரி பக்கவாட்டு விஷயங்களுக்கு வேண்டுமானால் பார்க்கலாம். முத்திரைக் குறையை எழுப்பாமல் விட்டால் போய்விடும், பதியாத குறை போகாது. ஒரே தாளில் இரண்டு குறை, இரண்டுக்கும் இரண்டு விதி. நீங்கள் ரசிப்பீர்கள் என்று தெரியும்.

இதற்குத் தம்பி தரப்பு என்ன சொல்லும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இது பாகப்பிரிவினைப் பத்திரமே இல்லை, ஏற்கனவே வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டதை ஞாபகத்துக்காக எழுதிவைத்த சீட்டு, அதற்குப் பதிவு தேவையில்லை என்பார்கள். சட்டத்தில் அப்படி ஓர் இடம் உண்மையிலேயே இருக்கிறது. அதனால் கூர்ச்சீட்டின் வாசகத்தைப் பாருங்கள். முன்பே பிரித்து அவரவர் அனுபவித்துவருவதாக எழுதியிருக்கிறதா, இன்று முதல் இந்த நிலம் இன்னாருக்கு என்று எழுதியிருக்கிறதா? பழைய கூர்ச்சீட்டுகளில் எழுத்தர்கள் இரண்டையும் கலந்தடித்து எழுதியிருப்பார்கள், அதை வைத்து இரண்டு தரப்பும் ஒரு நாள் முழுக்க வாதாடலாம்.

அப்புறம் 2005 திருத்தம். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் ஆறாவது பிரிவு மகளைப் பிறப்பாலேயே கூட்டுப் பங்குதாரர் ஆக்குகிறது. 20.12.2004-க்கு முன் நடந்த பாகப்பிரிவினைகளை மட்டும் தொடவில்லை. ஆனால் பாகப்பிரிவினை என்றால் பதிவான பத்திரம் அல்லது கோர்ட் டிகிரி என்று அங்கேயே ஒரு விளக்கம் வைத்திருக்கிறார்கள். 11.8.2020 அன்று வினீதா சர்மா வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு, வாய்மொழிப் பாகப்பிரிவினை என்ற வாதத்தைச் சாதாரணமாக ஏற்கக் கூடாது, பொது ஆவணங்கள் வலுவாக ஆதரித்தால் அபூர்வமாக ஏற்கலாம் என்றது. ஆகவே தம்பி கையில் 1998-க்குப் பிறகு தனித்தனிப் பட்டா, சிட்டா, அடங்கல் என்று ஏதாவது ஏறியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. இதைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரி கூட இல்லை.

இதற்கெல்லாம் மேலே ஒன்று. கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோதுதான் என் கண் அதில் நின்றது. 1991-ல் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தேன் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அம்மா, அது போகிற போக்கில் எழுதுகிற விஷயமா! 2005 வரை காத்திருக்க வேண்டிய அவசியமே உங்களுக்கு இல்லாமல் இருக்கலாம். தமிழ்நாடு அரசு அதற்கு வெகு முன்னாலேயே தனியாகத் திருத்தம் கொண்டுவந்து 29-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. சட்டம் 1990-ஆம் ஆண்டின் முதல் சட்டம், நடைமுறைக்கு வந்த தேதி 25.3.1989. அந்தத் தேதியில் கல்யாணம் ஆகாமல் இருந்த மகள்கள் அன்றைக்கே கூட்டுப் பங்குதாரர்கள். அதற்கு முன் கல்யாணமானவர்களுக்குக் கிடையாது, அதற்கு முன் நடந்த பாகப்பிரிவினைக்கும் பொருந்தாது. இந்தத் தேதியால் ஒரே வீட்டில் 1988-ல் கல்யாணமான அக்காவுக்குப் பங்கு இல்லாமலும் 1990-ல் கல்யாணமான தங்கைக்குப் பங்கு இருந்தும் சண்டை போட்ட குடும்பங்கள் இந்த மாநிலத்தில் ஏராளம்.

உங்கள் கணக்கைப் போடுங்கள். 25.3.1989-ல் உங்களுக்குப் பத்தொன்பது வயது வாக்கில், கல்யாணம் ஆகவில்லை. நிலம் நிஜமாகவே பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்து என்றால் அன்றைக்கே நீங்கள் பங்குதாரர். அப்படியானால் 1998-ல் அப்பாவும் தம்பியும் உங்களை வைத்துக்கொள்ளாமல், உங்களுக்கு ஒன்றும் ஒதுக்காமல் பிரித்துக்கொண்டது பதிவானதாகவே இருந்தாலும் உங்களைக் கட்டுப்படுத்தாது என்பது உங்கள் தரப்பின் முதல் வாதமாக இருந்திருக்க வேண்டும். நீங்கள் அனுப்பிய தீர்ப்பு நகலில் 29-ஏ என்ற எழுத்தையே நான் காணவில்லை. 2005 திருத்தத்தை வைத்து மட்டுமே வாதம் நடந்திருக்கிறது. முப்பது நாள் கணக்கில் ஐந்து நாளுக்காக வக்கீலோடு மல்லுக்கட்டிய நீங்கள் உங்கள் கல்யாணத் தேதியை விட்டுவிட்டீர்கள்! சட்டம் படிக்க ஆரம்பிக்கிற எல்லோருக்கும் இது நடக்கும். பிரிவு எண்கள் கண்ணைப் பறித்துவிடும், சொந்த வீட்டு பீரோவில் இருக்கிற தாள் தெரியாது.

செய்ய வேண்டியது இது. கல்யாணப் பத்திரிகை, கோயிலில் அல்லது மண்டபத்தில் நடந்ததற்கான ரசீது, பழைய ரேஷன் கார்டு, எது இருந்தாலும் எடுத்துவையுங்கள். வழக்குரையிலோ உங்கள் சாட்சியத்திலோ 1991 என்ற ஆண்டு பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பதிவாகியிருந்தால் பாதி வேலை முடிந்தது, ஏற்கனவே உள்ள உண்மைகளின் மேல் ஒரு சட்டப் பிரச்சினையை அப்பீலில் புதிதாக எழுப்ப முடியும். இல்லையென்றால் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 41-ஆவது கட்டளை, 27-ஆவது விதியின் கீழ் கூடுதல் சாட்சியத்துக்கு மனுப் போட வேண்டும். அது சுலபமாகக் கிடைக்காது, முயற்சி எடுத்தும் முன்பு கொண்டுவர முடியவில்லை என்றோ, தீர்ப்புச் சொல்ல கோர்ட்டுக்கே அது தேவை என்றோ காட்ட வேண்டும்.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். உங்கள் வழக்கை நீங்களே வாதாட உங்களுக்கு உரிமை உண்டு, யாரும் தடுக்க முடியாது. ஆனால் வேண்டாம். சட்டம் தெரியாது என்பதற்காகச் சொல்லவில்லை, தம்பி எதிரே உட்கார்ந்திருக்கிறான் என்பதற்காகச் சொல்கிறேன். நீதிபதி 49-ஆவது பிரிவைப் பற்றிக் கேட்கும்போது நீங்கள் அப்பா கடைசிக் காலத்தில் யார் வீட்டில் இருந்தார் என்று பதில் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். என் சொந்த வழக்கு என்றால் நானும் வேறு வக்கீலைத்தான் வைப்பேன். உங்கள் வக்கீல் மோசமானவர் என்றும் எனக்குத் தோன்றவில்லை. தேதியை ஒரு நாள் மிச்சம் வைத்து, சரியாகக் கணக்குப் போட்டுத் தாக்கல் செய்திருக்கிறார். கூர்ச்சீட்டில் தூங்கிவிட்டார், அவ்வளவுதான். அவரிடம் போய் ஏன் ஆட்சேபிக்கவில்லை என்று ஆரம்பிக்காதீர்கள், அவர் உடனே தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பார்ப்பார். "சார், 29-ஏ-வை அப்பீல் காரணங்களில் சேர்க்க முடியுமா, என் கல்யாணம் 91-ல்தான்" என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். எழுதிக் கொடுப்பது முக்கியம். வராந்தாவில் நடந்துகொண்டே சொன்னது எங்கள் காதில் தங்காது.

வழக்கறிஞராகவே ஆகலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் அந்த ஆசை தெரிகிறது. 45 வயதைத் தாண்டியவர்களைப் பதிவு செய்யக் கூடாது என்று பார் கவுன்சில் ஒரு காலத்தில் விதி வைத்திருந்தது, 1995-ல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்று தூக்கிப் போட்டுவிட்டது. உங்களிடம் பட்டம் இருக்கிறது என்றால் மூன்று வருடப் படிப்பைப் பற்றி யோசிக்கலாம். அவசரம் இல்லை, முதலில் அப்பீல் முடியட்டும்.

அதுவரை இந்த ருசியை எப்படி வளர்ப்பது? கோர்ட்டுகளின் இணையதளமான ஈகோர்ட்ஸில் கண்டவர் வழக்கையும் இறக்கிப் படிப்பதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் "வாய்தா கோரப்பட்டது, அனுமதிக்கப்பட்டது" என்றுதான் இருக்கும். தீர்ப்பைப் படிக்கும்போது மேலே போட்டிருக்கும் சுருக்கத்தை நம்பாமல், தேதிகளை ஒரு தாளில் வரிசையாக எழுதிக்கொண்டு படியுங்கள். பழகுவதற்குச் செக் மோசடி வழக்குகள் நல்லவை. சாகேத் இந்தியா வழக்கில் நோட்டீஸுக்கான 15 நாள் முடிந்து வழக்குப் போடும் உரிமை பிறந்தது 15.10.1995, புகார் போட்டது 15.11.1995. ஒரு மாதத்துக்குள் போட வேண்டும். முதல் நாளைச் சேர்த்தால் ஒரு நாள் தாமதம், சேர்க்காவிட்டால் சரியான நாள். 1999-ல் இதிலும் இன்னொரு வழக்கிலும் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு அமர்வுகள் இருவேறு விதமாகச் சொல்லி, அது தீர 2013 ஆகஸ்ட் வரை ஆயிற்று. எகான் ஆன்ட்ரி வழக்கில் மூன்று நீதிபதிகள் உட்கார்ந்து, முதல் நாளைச் சேர்க்கக் கூடாது என்று முடித்துவைத்தார்கள். ஒரு நாள் கணக்குக்குப் பதினான்கு வருடம்! அந்த மூன்று தீர்ப்பையும் வரிசையாகப் படித்தால், அமர்வில் எத்தனை நீதிபதிகள் என்று முதலில் பார்க்கிற பழக்கம் தானாக வந்துவிடும்.

நேரில் போய் உட்கார்ந்து பார்க்கவும் தடை இல்லை. சிவில் நீதிமன்றம் பொதுமக்களுக்குத் திறந்தது என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 153-பி என்ற பிரிவே இருக்கிறது. நீதிபதி விரும்பினால் வெளியே அனுப்பலாம், ஆனால் பின்வரிசையில் கைபேசியை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் ஒரு அம்மாவை யாரும் அனுப்புவதில்லை. உங்கள் வழக்கு இல்லாத ஒரு கோர்ட்டாகத் தேர்ந்தெடுங்கள், டவாலி பெயரைக் கூப்பிடும்போது வயிறு பிசையாது. குறுக்கு விசாரணை நடக்கிற நாளாகப் போங்கள். ஆவணம் மார்க் ஆகும்போது எந்த வக்கீல் எழுந்திருக்கிறார், யார் எழுந்திருக்கவில்லை என்று கவனியுங்கள். டெல்லி போக வேண்டாம், உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வுகளை 2022 செப்டம்பர் 27 முதல் நேரலையில் காட்டுகிறார்கள். மகளுக்கும் அதில் ஒன்றைப் போட்டுக் காட்டுங்கள், சீரியலை விட நன்றாகவே இருக்கும்.

கடைசியாக ஒரு வேலை, இதை இந்த வாரமே முடியுங்கள். அப்பீல் தாக்கலாகி இத்தனை நாளாகியும் ஏ.எஸ். நம்பர் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். தாக்கலானது வேறு, நம்பர் ஆனது வேறு. அனேகமாக ஏதோ ஒரு குறை எழுதி, இத்தனை நாளுக்குள் சரிசெய்து திரும்பத் தாக்கல் செய் என்று அப்பீல் தாள் கட்டைத் திருப்பிக் கொடுத்திருப்பார்கள், அது குமாஸ்தாவின் மேஜையில் கிடக்கும். அந்தக் கெடு தாண்டிவிட்டதென்றால் ஐந்தாவது பிரிவு மனு தேவைப்படாது, அப்பீல் முதலிலேயே காலத்துக்குள் தாக்கலாகிவிட்டது. மறுதாக்கல் தாமதத்தை மன்னிக்க ஒரு மனுப் போட்டால் போதும், அதில் கோர்ட் அவ்வளவு கறாராக இருப்பதில்லை. ஆனால் மாதக்கணக்கில் விட்டால் அதற்கும் பதில் சொல்ல வேண்டிவரும். குமாஸ்தா ஒளிந்தால் விடாதீர்கள், எந்தத் தேதியில் ரிட்டர்ன் ஆனது, என்ன குறை எழுதியிருக்கிறது, கெடு எத்தனை நாள் என்ற மூன்றை மட்டும் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.